சாவிக்கு முன்னால் பணம் போக வேண்டாம்

கேள்வி: நாங்கள் அர்கன்சாஸ் மாநிலத்தில் பென்டன்வில்லில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 38, ரத்தப் புற்றுநோய். ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய முடிவாகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய ஒரு மாதம், அதன் பிறகு 100 நாள் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள். உதவிக்குத் தஞ்சாவூரிலிருந்து என் அம்மா வருகிறார். கட்டில், சோபா, பாத்திரம் எல்லாம் உள்ள இரண்டு படுக்கையறை வீடு தேடுகிறேன். ஒரு சமூக ஊடகக் குழுவில், அந்த மருத்துவமனை இருக்கும் மெடிக்கல் சென்டர் வட்டாரத்திலிருந்து ஐந்து நிமிடத்தில், கரண்ட், தண்ணீர், இணையம் எல்லாம் சேர்த்து மாதம் 1,400 டாலருக்கு ஒரு வீடு பார்த்தேன். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். முதல் மாத வாடகை, அட்வான்ஸ் இரண்டும் சேர்த்து 2,800 டாலர் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். நாளைக்குள் சொல்லச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்பாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்த ஒரு வார்த்தையை உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். காரணங்களையும், அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே நிலையில் ஹூஸ்டனுக்கு வரும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களுக்கும் உதவட்டும்.

வீட்டை நேரில் காட்ட ஆள் இல்லை, விலை நம்ப முடியாத குறைவு, நாளைக்குள் பணம் வேண்டும், சாவி கூரியரில் வரும். இந்த நான்கும் ஒன்றாக வந்தால் அது வீடு இல்லை, வலை. படங்களை வேறொரு விற்பனை விளம்பரத்திலிருந்து எடுத்திருப்பார்கள். வீடு உண்மையாகவே அந்த முகவரியில் இருக்கும், ஆனால் அதற்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் இப்படித்தான் பணம் கட்டிவிட்டு, நோயாளியைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்தது அந்த வீட்டில் பல வருடமாகக் குடியிருப்பவர். இரவு எட்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போன பணம் திரும்பவில்லை. கைபேசிச் செயலி வழியாகத் தெரியாதவருக்கு அனுப்பிய பணத்தை மீட்பது மிகவும் கஷ்டம்.

எந்த வீட்டையும் நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தை இங்கே எல்லோரும் ‘ஹெச்கேட்’ என்பார்கள். அதன் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் உரிமையாளர் பெயர் வரும், கட்டணம் இல்லை. உங்களிடம் பேசுகிறவர் பெயரும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். தனி வீடாகவோ, ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆளுக்குச் சொந்தமான காண்டோவாகவோ இருந்தால் ஒரு நபரின் பெயர் இருக்கலாம். 300 வீடுகள் உள்ள பெரிய அபார்ட்மென்ட் வளாகம் என்றால் மொத்தமும் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். அந்த வளாகத்தில் ஒரு வீட்டுக்கு ஒருவர் ‘நான்தான் ஓனர்’ என்றால் அது பொய்.

இன்னொரு வகையும் உண்டு. அதில் வீடு விடுகிறவர் ஏமாற்றுக்காரர் இல்லை. வளாகத்திடம் ஒரு வீட்டை வருட வாடகைக்கு எடுத்து, சாமான் போட்டு, உங்களைப் போன்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார். நிர்வாகம் எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தால் சரி. கொடுக்கவில்லை என்றால், விஷயம் தெரிந்த அன்று உங்களையும் சேர்த்துத்தான் வெளியேறச் சொல்வார்கள். மாற்றுச் சிகிச்சை முடிந்து 40-ஆம் நாளில் பெட்டியைக் கட்டும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். முகவர் யாராவது நடுவில் இருந்தால் அவருடைய உரிம எண்ணை வாங்கி, டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் தளத்தில் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் வீட்டின் அளவையும் வாடகையையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் தேதிகளைப் பற்றித்தான் கவலை. மாற்றுச் சிகிச்சைக்குக் கொடுத்த தேதி நகரும். கொஞ்சம் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போகும், கொடையாளர் பக்கம் ஏதாவது தடங்கல் வந்தால் தள்ளிப்போகும். அதேபோல 100 நாள் என்பது 100-ஆகவே முடியும் என்றும் இல்லை. ஆக, உங்களுக்கு வேண்டியது தொடக்கமும் முடிவும் நகரக்கூடிய ஒப்பந்தம். கிரானைட் மேடை, நீச்சல் குளம் எல்லாம் அதற்குப் பிறகு.

டெக்சஸ் சட்டத்தில் ராணுவப் பணி, குடும்ப வன்முறை போன்ற சில காரணங்களுக்குத்தான் குத்தகையை இடையில் முறிக்கும் உரிமை இருக்கிறது. உடல்நிலை அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் நடுவில் காலி செய்தால், வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேட முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆள் கிடைக்கும் வரை வாடகை உங்கள் தலையில்தான். எனவே கையெழுத்துக்கு முன்பே மூன்று வரிகளை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனை சிகிச்சைத் தேதியை மாற்றினால் குடிவரும் தேதியும் அபராதமில்லாமல் மாறும். மருத்துவக் காரணத்தால் காலி செய்ய வேண்டி வந்தால், 30 நாள் முன்னறிவிப்போடு போகலாம், மீதி மாத வாடகை கேட்கக் கூடாது. முடிவில் தேவைப்பட்டால் இதே வாடகைக்கு மாதா மாதம் நீட்டிக்கலாம். மெடிக்கல் சென்டரைச் சுற்றி வீடு விடுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. முகம் சுளிக்காமல் ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மாதம் 200 டாலர் கூடக் கொடுத்தாவது இந்த மூன்று வரிகளை வாங்குவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

வாடகை வீடு தேடும் முன்னால் ஒரு போன் செய்யுங்கள். உங்கள் சிகிச்சைக் குழுவில் ஒரு சமூகப் பணியாளர் இருப்பார். தங்குமிடம் பற்றி அவரிடம் கேளுங்கள். ஹூஸ்டனில் ஹேலோ ஹவுஸ் என்ற அறக்கட்டளை, ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற வரும் குடும்பங்களுக்கென்றே சாமான்களோடு உள்ள அபார்ட்மென்ட்களைக் குறைந்த செலவில் தருகிறது. உங்கள் நிலைமைக்கு இது நேராகப் பொருந்துகிறது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கலாம், அதனால் இன்றே பெயர் கொடுங்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஹோப் லாட்ஜ் இலவசம், ஆனால் அது நோயாளியும் துணைக்கு ஒருவரும் தங்குவதற்கான இடம். மகளையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எம்.டி. ஆண்டர்சனோடு நடைபாலத்தால் இணைந்த ரோட்டரி ஹவுஸ் ஹோட்டல் வசதியானது. ஆனால் ஐந்து மாதத்துக்குக் கட்டுப்படியாகாது, சில நாட்களுக்குத்தான்.

அந்தச் சில நாட்கள் உங்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். பென்டன்வில்லில் உட்கார்ந்துகொண்டு ஐந்து மாத வீட்டை முடிவு செய்யாதீர்கள். முதல்கட்டப் பரிசோதனைகளுக்கு எப்படியும் ஒரு வாரம் பத்து நாள் வருவீர்கள். அப்போது சமையலறையுள்ள ஒரு ஹோட்டலில் தங்கி, மாலை நேரங்களில் நீங்கள் வீடு பாருங்கள். முன்பதிவு செய்யும்போது சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கான சலுகை வாடகை, ‘மெடிக்கல் ரேட்’, உண்டா என்று கேளுங்கள், பல ஹோட்டல்களில் உண்டு. பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் என்றால் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். பக்கத்து ஸ்டேடியத்தில் ரோடியோ திருவிழா நடக்கும் சமயம் அது, அறை வாடகை ஏறிவிடும்.

இங்கே ஒரு பணக் கணக்கு. 30 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் ஹூஸ்டனில் மாநிலம், நகரம், கவுன்டி எல்லாம் சேர்த்து 17 சதவீதம் ஹோட்டல் வரி. 30 நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து தங்கினால் அந்த வரி இல்லை. ஆனால் ‘நான் 30 நாளுக்கு மேல் தங்கப் போகிறேன்’ என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்து, அதன்படி தங்கினால்தான் முதல் நாளிலிருந்தே விலக்கு. எழுதிக் கொடுக்காவிட்டால் முதல் 30 நாளுக்கு வரி கட்டியே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 100 டாலர் அறை என்றால் அது 510 டாலர். வீடு சரியாக அமையாமல் ஹோட்டலிலேயே மாதக்கணக்கில் இருக்கும்படி ஆனால் இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது? தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் ஷுகர் லேண்ட், பேர்லேண்ட், கேட்டி என்று சொல்வார்கள். நல்ல ஊர்கள்தான். ஆனால் காலை ஏழரை மணிக்கு 288 நெடுஞ்சாலையில் பேர்லேண்டிலிருந்து வருவதும் ஞாயிற்றுக்கிழமை வருவதும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரியை விட்டு வந்த புதிதில் கிட்டத்தட்ட தினமும் கிளினிக்குக்குப் போக வேண்டியிருக்கும், நடுராத்திரி காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும். எத்தனை நிமிடத் தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்று மருத்துவக் குழுவே சொல்லும், அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரேஸ்வுட், ஓல்ட் ஸ்பானிஷ் டிரெயில், கர்பி டிரைவின் தென்பகுதி, இந்த வட்டாரத்தில் தேடினால் போதும். மெட்ரோ ரயிலின் சிவப்பு வழித்தடம் மெடிக்கல் சென்டருக்கு நடுவிலேயே போகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் கணவரை அந்தக் கூட்டத்தில் ஏற்ற முடியாது, அவருக்குக் கார்தான். நீங்கள் மட்டும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய் வருகிற அந்த முதல் மாதத்தில் ரயில் பெரிய உதவி. பார்க்கிங் கட்டணம் மிச்சம்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு குறை உண்டு, தண்ணீர். மெடிக்கல் சென்டரின் தென்புறம் பிரேஸ் பையூ என்ற நீரோடை ஓடுகிறது. 2001-இல் ஆலிசன் புயல் மழையில் மெடிக்கல் சென்டரே மூழ்கியது. அதே ஓடைக்கு மேற்கே உள்ள மேயர்லேண்ட் பகுதியில் 2015, 2016, 2017 என்று மூன்று வருடம் தொடர்ந்து வெள்ளம் புகுந்தது. மூன்றாவது முறை வந்தது ஹார்வி புயல். 2022 ஜனவரி 1 முதல் டெக்சஸில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வீடு 100 ஆண்டு வெள்ளப் பகுதியில் (எந்த வருடத்திலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள இடத்தில்) இருக்கிறதா, கடந்த ஐந்து வருடத்தில் வெள்ளத்தால் சேதமானதா என்பதை வீட்டுக்காரர் கையெழுத்துக்கு முன் தனித் தாளில் எழுதித் தர வேண்டும். அவராகத் தராவிட்டால் நீங்கள் கேளுங்கள். அதனால் தரைத்தளம் வேண்டாம் என்பேன். மாடி என்றால் லிப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாடி, லிப்ட் இல்லாத கட்டடங்கள் இங்கே ஏராளம். இன்று படியேறுகிற கணவர், சிகிச்சைக்குப் பிறகு பத்துப் படி ஏற உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டியிருக்கலாம்.

வீட்டுக்குள் போனதும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். வாசனை பரப்பும் கருவி வைத்திருந்தால், அதை அணைக்கச் சொல்லி, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வாருங்கள். ஹூஸ்டன் காற்றில் ஈரம் அதிகம், பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். மாற்றுச் சிகிச்சை செய்தவர்களுக்குப் பூஞ்சை ஆபத்து. சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து, பின்பலகையில் கையை வைத்துப் பாருங்கள். நமுத்து உப்பியிருந்தால் எங்கோ கசிகிறது. குளியலறைக் கூரையில் காற்று வரும் கிராதியைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, ஏசி வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். வடிகட்டியை வெளியே இழுத்தாலே தெரிந்துவிடும். சாம்பல் நிறத்தில் கம்பளி போல அழுக்கு படிந்திருந்தால், அந்த வீட்டில் மற்றதையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். கார்பெட்டுக்குப் பதில் மரத்தரையோ டைல்ஸோ இருந்தால் நல்லது. முன்பு குடியிருந்தவர் நாய், பூனை வைத்திருந்தாரா என்று கேளுங்கள். மெத்தையைத் தூக்கி ஓரத் தையலைப் பாருங்கள், மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேதான் கருப்புப் புள்ளி தெரியும். பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் அந்த வீடு வேண்டாம், அந்தத் தூசு அவருக்கு ஆகாது. இதில் எது கட்டாயம், எது பரவாயில்லை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் வீட்டை மட்டும் அறிந்தவன்.

அப்புறம் அம்மாவின் சமையல். உங்கள் கணவருக்கு வெளிச் சாப்பாடு பல மாதம் கிடையாது என்றால், அந்த வீட்டில் அதிகம் உழைக்கப் போவது சமையலறைதான். சாமான்களோடு உள்ள வீட்டில் இரண்டு வாணலியும் நான்கு தட்டும் ‘பாத்திரங்கள்’ என்று கணக்கில் இருக்கும். நீங்கள் காரில் வருவதாக இருந்தால் குக்கரையும் மிக்ஸியையும் எடுத்து வந்துவிடுங்கள். அம்மா ஊரிலிருந்து மிக்ஸி கொண்டு வர வேண்டாம், இங்குள்ள 120 வோல்ட்டில் அது ஓடாது. அடுப்பு கண்ணாடி மேல்தளமாக இருந்தால் அடி உருண்ட கடாய் நிற்காது, தட்டையான அடி உள்ளதாக வேண்டும். இன்னொன்று, அடுப்புக்கு மேலே இருக்கும் மைக்ரோவேவின் விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். பல அபார்ட்மென்ட்களில் உள்ளேதான் விடும். அம்மா கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அலறும், மிளகாய் நெடி கணவரின் அறை வரை போகும். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே மூடக்கூடிய கதவு இருக்கிற வீட்டைத் தேடச் சொல்வது இதனால்தான். நம்மூர் மளிகைக்கு ஹில்கிராஃப்ட் சாலை இருக்கிறது. பேர்லேண்டில் மீனாட்சி கோவில் இருக்கிறது. அம்மாவை ஒரு வெள்ளிக்கிழமை அங்கே கூட்டிப் போங்கள். ஐந்து மாதம் ஒரே அறையில் கவலையோடு இருக்கிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

ஒப்பந்தத்தில் அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். பல குத்தகைகளில் விருந்தினர் சில நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்ற விதி இருக்கும். மாதக்கணக்கில் இருக்கிறவரை விருந்தினர் என்று சொல்ல முடியாது, அதனால் குடியிருப்பவர் பட்டியலில் நால்வர் பெயரையும் போடச் சொல்லுங்கள். ‘கரண்ட் சேர்த்து’ என்றால் மாதம் எத்தனை டாலர் வரை என்று கேளுங்கள். உச்சவரம்பு இருக்கும். ஹூஸ்டன் கோடையில் ஏசி இரவு பகலாக ஓடி, அந்த வரம்பைத் தாண்டும்.

பணத்தை எப்படிக் கொடுத்தாலும், உங்கள் பெயர், முகவரி, தேதிகள் போட்ட ரசீது வாங்குங்கள். பல மருத்துவக் காப்பீடுகளில் மாற்றுச் சிகிச்சைக்குப் பயணமும் தங்குமிடமும் ஒரு தொகை வரை உண்டு. உங்கள் காப்பீட்டின் கேஸ் மேனேஜரிடம் ‘டிராவல் அண்ட் லாட்ஜிங் பெனிஃபிட்’ என்ற அதே சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். வருமான வரியிலும், சிகிச்சைக்காக வெளியூரில் தங்கிய செலவில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 டாலர் வரை மருத்துவச் செலவாகக் காட்ட இடம் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று வரி பார்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாவிட்டால் இரண்டுமே கிடைக்காது.

ஜூன் முதல் நவம்பர் வரை இங்கே புயல் காலம். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது இந்த வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. பலருக்கு நாட்கணக்கில் வரவில்லை. கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா, அது லிப்டுக்கு மட்டுமா, வீடுகளுக்கும் உண்டா என்று கேட்டு வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து இருந்தால், கரண்ட் போகும் நாளில் எங்கே போவது என்று மருத்துவமனையிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

குடிவரும் அன்று பெட்டிகளை இறக்கும் முன், வாசலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அறையாகக் கைபேசியில் வீடியோ எடுங்கள். சோபாக் கறை, மேசைக் கீறல், உடைந்த தட்டு எதையும் விடாதீர்கள். அன்றே அதை வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பூட்டை மாற்றிவிட்டார்களா என்றும் கேளுங்கள். முந்தைய வாடகைதாரர் போன பிறகு பூட்டை மாற்றித் தருவது டெக்சஸில் வீட்டுக்காரரின் கடமை.

காலி செய்யும் நாளில், சாவியோடு உங்கள் பென்டன்வில் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்ததிலிருந்து 30 நாளுக்குள் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் தர வேண்டும். சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்தால் அந்தத் தொகையின் மூன்று மடங்கும் மேலே 100 டாலரும் அவர் கொடுக்க நேரும். ஆனால் புது முகவரியை நீங்கள் எழுத்தில் கொடுக்கும் வரை, பணத்தைத் திருப்பவோ பட்டியல் தரவோ அவருக்குக் கட்டாயம் இல்லை. ஊருக்குத் திரும்பும் சந்தோஷத்தில் பெரும்பாலோர் மறப்பது இந்தத் தாளைத்தான்.

வீடு ஒன்று பிடித்து, ஒப்பந்தம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். ஒரு நாளில் படித்துச் சொல்கிறேன்.